நோன்பும் பட்டினியும்: சில குறிப்புகள்

ரமலான் பிறை தெரிந்த மறுநாளே எங்க பி.இ. செட் வாட்ஸ்அப் குழுவில் அந்த ஃபார்வர்டு வந்துவிடும். ஜப்பான் விஞ்ஞானி ஒருத்தர், நோன்பு இருந்தால் உடம்பு தன்னோட கெட்ட செல்களைத் தானே தின்று சுத்தம் பண்ணிக்கொள்ளும் என்று கண்டுபிடித்து நோபல் பரிசு வாங்கினாராம். 1400 வருஷம் முன்னாடியே இஸ்லாம் இதைச் சொல்லிவிட்டதாம். கீழே வரிசையாகக் கைகூப்பும் பொம்மைகள். நாலு மாசம் கழித்து இதே செய்தி ஏகாதசிக்கும் வரும், மதத்தின் பெயர் மட்டும் மாறியிருக்கும்.

முதலில் அறிவியல் பக்கத்தை முடித்துவிடுகிறேன். யோஷினோரி ஓசுமிக்கு 2016இல் மருத்துவத்துக்கான நோபல் கிடைத்தது உண்மை. தன்னுண்ணல் எனப்படும் ஆட்டோஃபேஜி எப்படி நடக்கிறது என்பதைக் கண்டறிந்ததற்காகக் கொடுத்தார்கள். அவர் வேலை செய்தது ஈஸ்ட் செல்லில். அதைப் பட்டினி போட்டு, உள்ளே என்ன நடக்கிறது என்று நுண்ணோக்கியில் பார்த்து, 1990களின் தொடக்கத்தில் அதற்குக் காரணமான ஜீன்களைப் பிரித்தெடுத்தார். ரமலான் நோன்பையோ ஏகாதசி விரதத்தையோ அவர் ஆராயவில்லை. ஈஸ்டுக்கு நோன்பும் கிடையாது, பெருநாளும் கிடையாது.

இது தப்பான தகவல் என்பது சின்ன விஷயம்தான். தகவல் சரியாகவே இருந்தாலும் அது நோன்பை விளக்காது என்பதுதான் எனக்குப் பெரிய விஷயமாகத் தோன்றுகிறது. உடம்பு இளைக்கணும் என்று ஒருவர் விடியலிலிருந்து அந்தி வரை ஒரு பருக்கை, ஒரு சொட்டு தொடாமல் இருந்தால், இஸ்லாமியச் சட்டப்படி அவர் நோன்பு வைத்தவர் ஆகமாட்டார். செயல்கள் எண்ணங்களைப் பொறுத்தே அமைகின்றன என்பது புகாரி ஹதீஸ் தொகுப்பில் வரும் முதல் செய்தி. அந்த எண்ணத்துக்கு நிய்யத் என்று பெயர். நிய்யத் இல்லாத பட்டினி வெறும் பட்டினி. ஆக, "நோன்பு ஏன்?" என்ற கேள்விக்குக் குடலையும் கல்லீரலையும் காட்டிப் பதில் சொல்கிறவர், நோன்பைப் புகழ்வதாக நினைத்துக்கொண்டு அதன் உயிரை எடுத்துவிடுகிறார். இதை நான் முஸ்லிம் நண்பர்களிடமே சொல்லிச் சண்டை போட்டிருக்கிறேன். நான் முஸ்லிம் இல்லை; அவர்கள் புத்தகங்களைத் தமிழ், ஆங்கில மொழிபெயர்ப்பில் படித்து நோட்டு எழுதுகிறவன். அதனால் "நீ என்னடா எங்களுக்குச் சொல்றது" என்ற பதிலும் கிடைத்திருக்கிறது. நியாயமான பதில்தான்.

மூன்று சொற்கள்

எனக்கு ஊர் நல்லம்பள்ளி. தர்மபுரிக்குத் தெற்கே, சேலம் போகும் சாலையில். தர்மபுரி, கிருஷ்ணகிரி, ஓசூர்ப் பக்கம் முஸ்லிம்களில் வீட்டில் உருது பேசுகிறவர்கள் நிறைய. அவர்கள் வாயில் நோன்பு என்ற சொல் வெளியாட்களிடம் பேசும்போதுதான் வரும், வீட்டுக்குள் ரோஜாதான். ரோஜா என்றால் பூ என்று நினைத்துக்கொண்டிருந்த பையன்கள் எங்க தெருவில் உண்டு. கீழக்கரை, காயல்பட்டினம் என்று கடற்கரைப் பக்கம் போனால் நோன்பு மட்டும்தான். நோன்பு பிடிப்பது, நோன்பு வைப்பது, நோன்பு திறப்பது என்று அதற்கென்றே தனி வினைச்சொற்கள் இருக்கின்றன. தமிழ் முஸ்லிம்கள் தங்கள் வணக்கத்தின் அடிப்படைச் சொற்களை அரபியில் விட்டுவைக்காமல் தமிழில் எடுத்துக்கொண்டார்கள். தொழுகை, நோன்பு, பள்ளிவாசல் மூன்றுமே நல்ல பழைய தமிழ்.

பள்ளி என்பது சமணர், பௌத்தர் தங்கிய இடங்களுக்கு வழங்கிய சொல். சரி, அப்போ நல்லம்பள்ளியும் சமணப் பள்ளியா என்று கேட்பீர்கள். அவசரப்படக்கூடாது. எங்க மாவட்டத்தில் கன்னட 'ஹள்ளி' ஊருக்கு ஊர் இருக்கிறது, மாரண்டஹள்ளி மாதிரி. ஹள்ளி என்றால் சும்மா கிராமம். எழுத்தில் அது பள்ளியாக மாறுவதும் சகஜம். இந்த ஆராய்ச்சியை இன்னொரு நாள் வைத்துக்கொள்ளலாம்.

நோன்பு விஷயத்துக்கு வருவோம். ரோஜா பாரசீகச் சொல். 'ரோஸ்' என்றால் பகல், நாள். அதிலிருந்து ரோஸா வந்து, நம்ம ஊரில் ரோஜா ஆயிற்று. அதாவது பாரசீகச் சொல் நேரத்தைச் சொல்கிறது.

அரபியில் ஸவ்ம். அடிப்படைப் பொருள் தடுத்து நிறுத்திக்கொள்வது. தீவனம் இல்லாமல் அசையாமல் நிற்கும் குதிரைக்கும், வீசாமல் நின்றுபோன காற்றுக்கும் அந்த வினைச்சொல்லையே பழைய அரபி அகராதிகள் காட்டுகின்றன. குர்ஆனிலேயே ஓர் இடத்தில் இந்தச் சொல் சாப்பாட்டோடு சம்பந்தமே இல்லாமல் வருகிறது. குழந்தை ஈசாவைப் பெற்றெடுத்த மர்யம், யாரைப் பார்த்தாலும் "நான் இறைவனுக்காக ஸவ்ம் நேர்ந்திருக்கிறேன், இன்று யாரோடும் பேசமாட்டேன்" என்று தெரிவிக்கும்படி சொல்லப்படுகிறார் (19:26). அதே வசனத்தில் அவரைச் சாப்பிடவும் குடிக்கவும் சொல்கிறார்கள். அங்கே ஸவ்ம் என்பது மௌனம். இந்த ஒரு வசனமே போதும், ஸவ்ம் என்பதை வயிற்றோடு முடித்துவிட முடியாது என்று காட்ட.

தமிழ்ச் சொல்தான் எனக்கு இன்னும் பிடித்தது. நோல் என்ற வேரிலிருந்து நோற்றல், நோன்பு, நோன்மை. நோன்மைக்கு அகராதி தரும் பொருள்களில் பொறுமையும் உண்டு, வலிமையும் உண்டு. வள்ளுவர் தவத்துக்கு இலக்கணம் சொல்லும் குறளில் (261), தனக்கு வந்த துன்பத்தைத் தாங்கிக்கொள்வதைச் சொல்ல இந்த வேரின் நோன்றல் என்ற சொல்லைத்தான் எடுக்கிறார். இங்கே இன்னொரு தகவலையும் பக்கத்தில் வையுங்கள்: ஹதீஸ்களில் ரமலானுக்குப் பொறுமையின் மாதம் என்று பெயர் இருக்கிறது. நோன்பு பொறுமையில் பாதி என்றும் ஒரு செய்தி திர்மிதியில் வருகிறது. அரபியில் அந்தப் பொறுமைக்கு ஸப்ர் என்று பெயர். ஸவ்முக்குத் தமிழில் எதைப் போடுவது என்று முதன்முதலில் யோசித்த ஆள், தெரிந்தோ தெரியாமலோ, ஸப்ரையும் உள்ளே அடக்கிய ஒரு சொல்லை எடுத்திருக்கிறார். உபவாசம், விரதம் என்று அன்றைக்கே வேறு சொற்களும் கையில் இருந்தன.

ஆறு வசனங்கள்

நோன்பைக் கடமையாக்கும் பகுதி குர்ஆனின் இரண்டாம் அத்தியாயத்தில் 183 முதல் 187 வரை. நபிகள் மக்காவிலிருந்து மதீனா போன இரண்டாம் வருஷம், அதாவது கி.பி. 624இல் இது கடமையானது. இந்த ஐந்தோடு அடுத்ததையும் சேர்த்து ஆறாகப் படிக்கணும் என்பது என் கட்சி. ஏன் என்று கடைசியில் சொல்கிறேன்.

183ஆம் வசனம் இரண்டு விஷயங்கள் சொல்கிறது. ஒன்று, உங்களுக்கு முன்னால் இருந்தவர்களுக்கும் நோன்பு விதிக்கப்பட்டிருந்தது. இது புதுக் கண்டுபிடிப்பு இல்லை என்று வசனமே ஒப்புக்கொள்கிறது. யூதர்களுக்கு யோம் கிப்பூர், கிறிஸ்தவர்களுக்குத் தவக்காலம். இரண்டாவது, இதன் நோக்கம் தக்வா. உடல்நலம் அந்த இடத்தில் பேச்சிலேயே இல்லை. ஏழைகளின் பசியை உணர்வதற்காக என்று பள்ளிக்கூடப் புத்தகங்கள் எழுதுமே, அதுவும் இந்த வசனத்தில் இல்லை. அது விளைவாக வரலாம், காரணமாகச் சொல்லப்படவில்லை. அதுதான் காரணம் என்றால் ஏழைகள் ஏன் நோன்பு வைக்கணும்? அவர்களுக்குத்தான் பசி ஏற்கெனவே தெரியுமே.

தக்வாவைத் தமிழ் மொழிபெயர்ப்புகள் இறையச்சம் என்கின்றன. அந்தச் சொல்லின் வேருக்குப் பொருள் காத்துக்கொள்வது. இரண்டாம் கலீஃபா உமர், உபை இப்னு கஅப் என்ற தோழரிடம் தக்வா என்றால் என்ன என்று கேட்டதாக விரிவுரைகளில் ஒரு செய்தி உண்டு. "முள் நிறைந்த பாதையில் நடந்திருக்கிறீர்களா? அப்போது என்ன செய்தீர்கள்?" என்று உபை திருப்பிக் கேட்கிறார். துணியைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு பார்த்துப் பார்த்து நடந்தேன் என்கிறார் உமர். அதுதான் தக்வா என்கிறார் உபை. எங்க ஊர் ஏரிக்கரையில் வேலிக்காத்தான் முள்ளுக்கு நடுவே வேட்டியைத் தூக்கிப் பிடித்து நடந்தவர்களுக்கு இதற்கு மேல் விரிவுரை தேவையில்லை. அச்சம் என்ற சொல்லில் வருவது பயம். உபையின் உவமையில் இருப்பது கவனம். நான் கவனம் என்றே குறித்துவைத்திருக்கிறேன்.

184, 185 இரண்டும் விதிவிலக்குகள். அதைத் தனியாகப் பேசணும். 187 நேர எல்லைகளைச் சொல்கிறது: வெள்ளை நூல் கறுப்பு நூலிலிருந்து பிரிந்து தெரியும் விடியல் வரை உண்ணலாம், பிறகு இரவு வரை நோன்பு.

நடுவில் 186 இருக்கிறது. முதல்முறை படித்தபோது அது எனக்கு இடம் மாறி வந்த பத்தி மாதிரி தெரிந்தது. நோன்பு என்ற சொல்லே அதில் இல்லை. என் அடியார்கள் என்னைப் பற்றிக் கேட்டால் நான் அருகிலேயே இருக்கிறேன், அழைப்பவன் அழைப்புக்குப் பதில் தருகிறேன் என்கிற கருத்து. முன்னாலும் பின்னாலும் சட்டம், நடுவே இப்படி ஒன்று. சூஃபிகள் இதை விடாமல் பிடித்துக்கொள்வதில் ஆச்சரியமில்லை. நோன்பின் ஆன்மிகப் பொருள் என்ன என்று யாராவது ஒரே வரியில் கேட்டால், 186 எந்த இடத்தில் உட்கார்ந்திருக்கிறது பாருங்கள் என்றுதான் காட்டுவேன். வேளாவேளைக்கு வாயை நிரப்பிக்கொண்டே இருந்தால் கேட்காமல் போகிற ஏதோ ஒன்றைக் கேட்பதற்கு, கொஞ்ச நேரம் அதை நிறுத்திவைக்கிறார்கள்.

மறந்து குடித்த தண்ணீர்

சின்ன வயசில் சைக்கிள் கடை பாய் ஒருத்தரிடம் கேட்டிருக்கிறேன். "தண்ணி கூடவா பாய்? உள்ள போய்க் கதவச் சாத்திட்டு ஒரு டம்ளர் குடிச்சா யாருக்குத் தெரியும்?" பஞ்சர் ஒட்டிக்கொண்டே சொன்னார்: "அதான்டா விஷயமே."

அந்தப் பதிலின் முழு அர்த்தம் கஸ்ஸாலியைப் படித்தபோது தெரிந்தது. இமாம் கஸ்ஸாலி (1058–1111) பாரசீகத்தின் தூஸ் நகரத்துக்காரர். அவருடைய இஹ்யா உலூமித்தீன் என்ற பெருநூலில் நோன்பின் இரகசியங்களுக்கு என்றே ஒரு பகுதி இருக்கிறது. மற்ற நற்செயல்களுக்குப் பத்து மடங்கு முதல் எழுநூறு மடங்கு வரை கூலி, ஆனால் நோன்பு எனக்கே உரியது, அதற்கு நானே கூலி தருகிறேன் என்று இறைவன் சொல்வதாக ஒரு ஹதீஸ். எல்லா வணக்கமும் அவனுக்குத்தானே, நோன்பு மட்டும் எப்படித் தனியாக? கஸ்ஸாலி இரண்டு காரணம் சொல்கிறார். தொழுகை கண்ணுக்குத் தெரியும், தர்மம் தெரியும், ஹஜ்ஜுக்குப் போனால் ஊரே வழியனுப்பும். நோன்பு மட்டும் செய்வதல்ல, செய்யாமல் விடுவது. அதை யாராலும் பார்க்க முடியாது. இது ஒன்று. ஷைத்தான் மனிதனுக்குள் நுழையும் வழியே ஆசைகள்தான், நோன்பு அந்த வழியை நெருக்குகிறது என்பது மற்றொன்று.

முதல் காரணத்துக்கு மிகச் சுத்தமான சோதனை, மறந்து சாப்பிட்டவனைப் பற்றிய சட்டம். நோன்பு என்பதே நினைவில்லாமல் ஒருத்தர் வயிறு முட்டச் சாப்பிட்டுவிடுகிறார். ஹனஃபி, ஷாஃபி இரண்டு மத்ஹபிலும் அவர் நோன்பு முறியவில்லை. ஞாபகம் வந்ததும் நிறுத்திவிட்டு மாலைவரை தொடரலாம். இறைவன் அவருக்கு ஊட்டினான் என்கிறது ஹதீஸ். அதே ஆள், தெரிந்தே ஒரு வாய் தண்ணீர் குடித்தால் போச்சு. முதல் கேஸில் வயிற்றுக்குள் போனது ஒரு தட்டுச் சோறு, இரண்டாவதில் ஒரு மடக்கு. வயிற்றை அளவுகோலாக வைத்தால் முடிவு தலைகீழாக வரணும். நாங்க புரோகிராமில் பிழை தேடும்போது செய்கிற மாதிரி, ஒரு மாறியை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை விலக்கிப் பாருங்கள்: கடைசியில் மிஞ்சுவது மனசு மட்டும்தான். (எச்சிலை விழுங்கினாலே நோன்பு போய்விடும் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். போகாது.)

கஸ்ஸாலி நோன்பில் மூன்று படி வைக்கிறார். பொதுமக்களின் நோன்பு வயிற்றையும் காம இச்சையையும் கட்டுவது. அடுத்த படி கண், காது, நாக்கு, கை, கால் எல்லாவற்றையும் கட்டுவது. மூன்றாவது படியில் மனமே இறைவனைத் தவிர்த்த எண்ணங்களிலிருந்து நோன்பு வைக்கிறது. அது நபிமார்களுக்கும் இறைநேசர்களுக்கும் உரியது என்று சொல்லி அதிகம் பேசாமல் கடந்துவிடுகிறார். அவருடைய கவனம் முழுக்க நடுப்படியில்தான். பொய்யையும் அதன்படி நடப்பதையும் விடாதவன் உணவையும் பானத்தையும் விடுவது இறைவனுக்குத் தேவையில்லை என்ற கருத்தில் புகாரியில் ஹதீஸ் இருக்கிறது. அப்படியானால் பொய் சொன்னவன் நோன்பு முறிந்துவிட்டதா? பெரும்பாலான சட்ட அறிஞர்கள் இல்லை என்கிறார்கள்: கடமை கழிந்தது, கூலி போனது. அந்தலூசியாவின் இப்னு ஹஸ்ம் மட்டும் தெரிந்து செய்த பாவம் நோன்பையே முறிக்கும் என்று கறாராக நின்றவர். கஸ்ஸாலி இரு தரப்புக்கும் நடுவே ஒரு வழி பார்க்கிறார். சட்ட அறிஞர்கள் பாமரரையும் மனதில் வைத்துத்தான் விதி வகுக்க முடியும், குறைந்தபட்ச அளவுதான் அவர்கள் வேலை. மறுமையைத் தேடுகிறவர்களுக்கு 'செல்லுபடியாகும்' என்பதன் பொருளே வேறு, போய்ச் சேர்ந்தால்தான் செல்லுபடி. எங்க தொழிலிலும் இது தெரிந்த கதைதான். டெஸ்ட் எல்லாம் பாஸ் ஆகும், வாடிக்கையாளருக்கு வேண்டியது மட்டும் வராது.

வருத்திக்கொள்வதா?

தமிழ்நாட்டு நோன்பு மரபில் உயிர் விடும்வரை உண்ணாமல் இருப்பது உயர்ந்த இடத்தில் இருந்திருக்கிறது. கோப்பெருஞ்சோழன் வடக்கிருந்தான். சிலம்பில் கவுந்தி அடிகள் உண்ணா நோன்பில் உயிர் துறக்கிறார். செஞ்சி பக்கத்துத் திருநாதர்குன்றில், சந்திரநந்தி என்ற சமண ஆசிரியர் 57 நாள் உண்ணாதிருந்து இறந்ததைச் சொல்லும் பழைய வட்டெழுத்துக் கல்வெட்டு இன்றும் பாறையில் இருக்கிறது. அந்தக் கண்ணால் பார்த்தால் இஸ்லாமிய நோன்பு ரொம்பச் சாதாரணமாகத் தெரியும். பொழுது சாய்ந்தால் சாப்பாடு. அது மட்டுமில்லை, நோன்பு திறப்பதைத் தாமதப்படுத்தாதே, விடியலுக்கு முன் சஹர் சாப்பிடு அதில் பரக்கத் இருக்கிறது, பெருநாள் அன்று நோன்பு வைக்கக்கூடாது என்றெல்லாம் கட்டளைகள். அப்துல்லாஹ் இப்னு அம்ர் என்ற இளம் தோழர் தினமும் நோன்பு வைப்பேன் என்று நிற்கிறார். உன் உடம்புக்கும் உன்மேல் உரிமை உண்டு என்று நபிகள் தடுத்து, வேண்டுமானால் தாவூத் நபியைப் போல ஒருநாள் விட்டு ஒருநாள் வை, அதற்கு மேல் கிடையாது என்கிறார். உடம்பை விட்டு விடுதலையாவது இங்கே இலக்கு இல்லை. உடம்பு எசமான் இல்லை என்று அதற்குத் தெரியப்படுத்திவிட்டு, அதற்குச் சோறு போட்டுவிட வேண்டும்.

இதைப் புரிந்துகொள்வது புத்தக விஷயமாக மட்டும் இருப்பதில்லை. என்னோடு படித்த ஒருவனின் அப்பாவுக்கு எழுபதை நெருங்கும் வயசு, இன்சுலின் போடுகிறவர். ஒரு ரமலானில் நாலாம் நோன்பன்று மதியம் சர்க்கரை இறங்கி, வேர்த்துக்கொட்டி, பேச்சு குழறிவிட்டது. பிள்ளைகள் வாயில் சர்க்கரைத் தண்ணீரை ஊற்றி மீட்டார்கள். மறுநாள் விடியலில் மறுபடி சஹருக்கு எழுந்து உட்கார்ந்துவிட்டார். "அம்பத்தஞ்சு வருசமா விடாம வச்சிருக்கேன். இப்ப பகல்ல சோறு தின்னுட்டு உக்காந்திருக்கச் சொல்றியா?" டாக்டர் சொல்லிக் கேட்கவில்லை. சர்வதேச நீரிழிவுக் கூட்டமைப்பு ரமலான் நோன்புக்கென்றே வழிகாட்டி நூல் போட்டிருக்கிறது, 2021இல் திருத்திய பதிப்பும் வந்தது. நான் அதைப் பிரிண்ட் எடுத்துக் கொடுத்ததும் வேலைக்கு ஆகவில்லை.

கடைசியில் பள்ளிவாசல் ஹஜ்ரத்தைக் கூப்பிட்டு வந்தார்கள். அவர் அதட்டவில்லை. 185ஆம் வசனத்தை ஓதி, இறைவன் உங்களுக்கு எளிதையே விரும்புகிறான், கஷ்டத்தை விரும்பவில்லை என்று அர்த்தம் சொன்னார். பிறகு, "ரோஜா வைன்னு சொன்னவனும் அவன், நோயாளி வைக்காதேன்னு சொன்னவனும் அவன். மொதல் வார்த்தைய மட்டும் கேப்பேன்னா, அது அவன் பேச்சா, உங்க பேச்சா?" என்றார். பெரியவர் ரொம்ப நேரம் பேசவில்லை. அன்றிலிருந்து ஃபித்யா கொடுக்கிறார், தவறிய ஒவ்வொரு நாளுக்கும் ஓர் ஏழைக்குச் சாப்பாடு. அவர் மருந்தும் சோறும் எடுத்துக்கொள்வது உள் அறையில். வெளியே உட்காரும்போது வெற்றிலைகூடப் போடமாட்டார். வைக்காமல் இருப்பதற்கு அவருக்கு வைப்பதைவிட அதிகப் பொறுமை தேவைப்பட்டது என்று அவர் மகன் சொன்னான். நானும் நேரில் பார்த்தேன். வயசானவர்கள், கர்ப்பிணிகள், சர்க்கரைக்காரர்கள் இருக்கும் வீடுகளில் ரமலானுக்கு ஒரு மாதம் முன்பே டாக்டரிடம் பேசிவிடுங்கள். விரலில் குத்திச் சர்க்கரை பார்ப்பதால் நோன்பு முறியாது. அதற்குப் பயந்தே பலர் பரிசோதிக்காமல் இருக்கிறார்கள்.

நகரும் மாதம்

என் மாதிரி கணக்குப் பைத்தியங்களுக்கு ஒரு சிறு பத்தி. சந்திர ஆண்டு சுமார் 354 நாள். சூரிய ஆண்டைவிட 11 நாள் குறைவு. நம்ம பஞ்சாங்கம் அவ்வப்போது ஓர் அதிக மாதம் சேர்த்துப் பண்டிகையைப் பருவத்தோடு கட்டிவைக்கிறது. அரேபியாவிலும் அப்படி மாதங்களைத் தள்ளிவைக்கும் பழக்கம் இருந்தது, குர்ஆன் (9:37) அதைத் தடை செய்துவிட்டது. அதனால் ரமலான் ஒவ்வொரு வருஷமும் முன்னால் நகர்ந்து, சுமார் 33 வருஷத்தில் ஒரு சுற்று முடிக்கிறது. 1992இல் மார்ச் முதல் வாரம் தொடங்கியது, 2025இலும் மார்ச் முதல் வாரம். 2030இல் ஜனவரியில் ஒன்று, டிசம்பரில் ஒன்று என இரண்டு ரமலான் வரும். தர்மபுரி இருக்கும் அட்சரேகையில் நோன்பு நேரம் பன்னிரண்டரை மணியிலிருந்து பதினாலு மணி வரைதான் மாறும். ஆனால் மே மாத வெயிலில் பதினாலு மணி நேரம் தண்ணீர் இல்லாமல் இருப்பதும் மார்கழிப் பனியில் பன்னிரண்டரை மணி இருப்பதும் ஒன்றாகிவிடாது. ஒரு முழுச் சுற்று வாழ்ந்தவர் இரண்டையும் பார்த்துவிடுவார். இதில் உள்நோக்கம் உண்டு என்று வசனம் எதுவும் சொல்லவில்லை. ஆனால் அறுவடையோடும் மழையோடும் கட்டப்படாத ஒரு வணக்கம், பூமியின் வடகோடி தென்கோடி யாருக்கும் நிரந்தரச் சலுகை கொடுக்காது என்பது கணக்கிலேயே தெரிகிறது.

கஞ்சியும் பிரியாணியும்

நோன்புக் கஞ்சியைச் சொல்லாமல் தமிழ்நாட்டு ரமலானை எழுத முடியாது. பச்சரிசி, பாசிப்பருப்பு, வெந்தயம், இஞ்சி பூண்டு, தேங்காய்ப்பால், வசதி இருந்தால் கொத்துக்கறி. அஸர் தொழுகை முடிந்ததும் பள்ளிவாசல் வாசலில் தூக்குவாளியோடு வரிசை நிற்கும். வரிசையில் யார் என்ன மதம் என்று கேட்கமாட்டார்கள். நானும் நின்றிருக்கிறேன். கஞ்சி காய்ச்சப் பள்ளிவாசல்களுக்குத் தமிழக அரசு 2001 முதல் இலவசமாகப் பச்சரிசி கொடுத்துவருகிறது. காலி வயிற்றில் பேரீச்சம்பழம், தண்ணீர், பிறகு இந்தக் கஞ்சி. இதைவிடப் பொருத்தமான முதல் உணவு கிடைக்காது.

அதற்குப் பிறகு நடப்பதுதான் பிரச்சினை. சமோசா, கட்லெட், பிரியாணி, ராத்திரி இரண்டு மணிக்கு ஹலீம் கடை. கஸ்ஸாலி ஒன்பது நூற்றாண்டுக்கு முன்னாடியே இதைப் பார்த்து எரிச்சல்பட்டிருக்கிறார். மற்ற மாதங்களில் சாப்பிடாததை எல்லாம் ரமலானுக்கென்று சேர்த்துவைத்துச் சாப்பிடுகிறார்களே, பகலில் சேமித்த பசியை ராத்திரி மொத்தமாகத் தீர்த்துக்கொண்டால் ஆசை அடங்குமா, கூடுமா என்று கேட்கிறார். ராத்திரியும் கொஞ்சம் லேசாக இருக்கணும், அப்போதுதான் இரவுத் தொழுகைக்கு நிற்க முடியும் என்பது அவர் கட்சி. மண்டபம் பிடித்து, பேனர் கட்டி, அரசியல்வாதிகள் தொப்பி போட்டுக்கொண்டு போஸ் கொடுக்கும் இஃப்தார்களைப் பார்த்திருந்தால் இன்னொரு அத்தியாயம் எழுதியிருப்பார்.

188ஆம் வசனம்

ஆறாவது வசனம் என்று சொன்னேனே, அது இதுதான். நோன்புப் பகுதி 187இல் முடிகிறது. உடனே 188: உங்களுக்குள் ஒருவர் பொருளை மற்றவர் அநியாயமாகத் தின்னாதீர்கள்; அடுத்தவர் சொத்தில் ஒரு பங்கைத் தின்பதற்காக அதிகாரிகளிடம் அதைக் கொண்டுபோகாதீர்கள். லஞ்சத்தையும் பொய் வழக்கையும் இது குறிப்பதாக விரிவுரையாளர்கள் சொல்கிறார்கள். பல பதிப்புகளில் இங்கே புதுத் தலைப்புப் போட்டுப் பிரித்துவிடுகிறார்கள், அதனால் தொடர்ச்சி கண்ணில் படாமல் போகிறது. ஆனால் அரபியில் 187இல் "உண்ணுங்கள்" என்று வரும் அதே வினைதான் 188இல் "தின்னாதீர்கள்" என்று வருகிறது. ஒரு மாதம் முழுக்க, தன் காசில் வாங்கிய, முழுக்க ஹலாலான சோற்றை, சொன்ன நேரம் வரை தொடாமல் இருக்கப் பழகுகிறான் ஒருவன். அடுத்த வரியிலேயே அடுத்தவன் சொத்து வந்து நிற்கிறது. தன் சோற்றையே தள்ளிவைக்கத் தெரிந்தவனுக்கு இது கஷ்டமாக இருக்கக்கூடாது. இருக்கிறது என்றால் அந்த முப்பது நாளும் வேலை செய்யவில்லை.

ஊர்ப்பக்கம் வாரச்சந்தைகளில் மொத்தமாகத் தக்காளி வியாபாரம் பார்க்கும் ஒரு பாயிடம் இந்த இரண்டு வசனத்தையும் சேர்த்துக் காட்டினேன். கொஞ்சம் சிரித்தார். "பசி நாலு நாள்ல பழகிடும் தம்பி. தராசு பழகறதில்ல. வெல ஏர்ற அன்னிக்கு, வெவசாயி கிட்ட பழைய வெலையச் சொல்லி வாங்கிடலாம்னு மனசு சொல்லும் பாருங்க, அப்ப வாயி உலர்ந்து இருக்கும்." அப்படி வாங்கியிருக்கிறாரா என்று நான் கேட்கவில்லை.

அவர் பேச்சை ஃபித்ராவுக்கு மாற்றினார். பெருநாள் தொழுகைக்கு முன்னால் ஏழைகளுக்குக் கொடுக்க வேண்டிய தானியம் அது, அல்லது அதன் விலை. நோன்பில் நேர்ந்த வீண்பேச்சு, குறைகளுக்கு அது ஈடு என்றும், ஏழைக்கு அன்று உணவு என்றும் ஹதீஸில் இருக்கிறது. ஹனஃபிகள் கோதுமைக் கணக்கில் தலைக்கு ஒன்றரைக் கிலோவுக்குச் சற்று மேலே என்று வைக்கிறார்கள், ஷாஃபிகள் அரிசியில் சுமார் இரண்டரைக் கிலோ. நோன்பு வைத்தவருக்கு மட்டும் என்றில்லை, வீட்டில் உள்ள எல்லாத் தலைக்கும் குடும்பத் தலைவர் கொடுக்கணும். அந்த வருஷம் அவர் வீட்டில் எட்டுப் பேர் கணக்கு. எட்டாவது, பிறந்து பதினெட்டு நாள் ஆன பேத்தி.